வயதின் கோளாறா, குளிசையின் கோளாறா?



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அது உங்கள் ஊரிலும் இருக்கலாம்; உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

அந்த வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் உம்மா இருக்கிறார். ஸுபஹுக்கு எல்லோருக்கும் முந்தி எழும்புகிறவர். பேரப்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர். கணவர் மௌத்தானதும் நித்திரை வராமல் தவித்தபோது, ஒரு வைத்தியர் சில நாட்களுக்கென்று எழுதிக் கொடுத்த குளிசை, ஒன்பது வருடங்களாக அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது. ஆரம்பத்தில் ஒன்று, பிறகு ஒன்றரை, இப்போது எத்தனை என்று எவருக்கும் தெரியாது. பாமசிக்குப் போய் வாங்கி வருவது பேரன். "மூத்தம்மாட நித்திரைக் குளிசை" என்றால் கடைக்காரருக்கும் விளங்கும்.

சில மாதங்களாக உம்மாவின் போக்கு மாறியிருக்கிறது. நடையில் தள்ளாட்டம். குளியலறையில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். வுழூச் செய்ததை மறந்து மறுபடியும் வுழூச் செய்கிறார். எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தடுமாறுகிறார். தன் காப்பை மருமகள் எடுத்துவிட்டாள் என்று அழுகிறார். இரவில் சுவரோரம் யாரோ நிற்பதாகப் பயப்படுகிறார். "வயசு போனா இப்பிடித்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. "ஜின்னுட வேலையா இருக்கும், ஓதிப் பாருங்க" என்கிறார் இன்னொருவர். கடைசியில் மனநோய் வைத்தியசாலையில் சேர்க்க வேண்டிய நிலை வருகிறது.

அங்கே வைத்தியர் கேட்கிறார்: "வேறு மருந்து, குளிசை, புகையிலை, மதுபானம் ஏதும் பாவிக்கிறவரா?"

மூத்த மகன் உடனே பதில் சொல்கிறார்: "இல்லை டொக்டர், அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் முஸ்லிம்கள்."

அவர் பொய் சொல்லவில்லை. தலையணைக்குக் கீழே இருக்கும் குளிசை அவருடைய நினைவுக்கே வரவில்லை. அந்தக் குளிசை வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆறாம் ஏழாம் நாளில் உம்மாவின் கைகள் நடுங்குகின்றன, உடல் வியர்க்கிறது, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் கத்துகிறார், வலிப்பும் வருகிறது. "கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் உம்மா இன்னும் மோசமானார்" என்று வீட்டார் வைத்தியசாலையைக் குறை சொல்கிறார்கள்.

இந்த உம்மா நாம் நினைத்துப் பார்த்த ஒருவர்தான். ஆனால் இவருக்கு நடந்தது மனநோய் வாட்டுகளில் வேலை செய்யும் வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் புதிதல்ல. அவருக்கு வந்தது வயதின் கோளாறா, குளிசையின் கோளாறா என்பதைத் தெரிந்துகொள்ளத் தேவையான தகவல் வைத்தியரிடம் இருக்கவில்லை. வீட்டில் அவருடைய படுக்கையைத் தட்டிப் போடும் மகளிடமோ மருமகளிடமோதான் இருந்தது. ஆகவேதான் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

ஏன் எவர் கண்ணிலும் படுவதில்லை?

போதைப்பொருள் பாவனை என்றதும் நம் மனக்கண்ணில் யார் வருகிறார்? தெருமுனையில் நிற்கும் ஓர் இளைஞன். தஸ்பீஹும் கையுமாக இருக்கும் மூத்தம்மாவோ, பள்ளிவாசலின் முதல் ஸஃப்பில் நிற்கும் அப்பாவோ வருவதில்லை.

இளைஞன் ஒருவன் தடம் மாறினால் வேலை போகிறது, காசு காணாமல் போகிறது, பொலிஸ் வருகிறது. வயோதிபருக்குப் போவதற்கு வேலை இல்லை. அவரை எவரும் மேற்பார்வை செய்வதும் இல்லை. அவர் பாவிப்பதும் பெரும்பாலும் வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துதான். அதைப் "போதை" என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய திரை ஒன்று உண்டு. அளவுக்கு மிஞ்சிய மருந்தின் அடையாளங்களும் முதுமையின் அடையாளங்களும் ஒரே மாதிரியானவை. மறதி, தள்ளாட்டம், விழுதல், கை நடுக்கம், பகல் தூக்கம், சிறுநீர் அடங்காமை, குளிப்பதிலும் உடுப்பதிலும் அக்கறையின்மை ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் "வயது" என்று சொல்லிவிடுகிறோம்.

அவர் ஏற்கனவே மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவராக இருந்தால் திரை இன்னும் தடிப்பாகிவிடுகிறது. அவர் எதைச் செய்தாலும் "அவருடைய பழைய வருத்தம்" என்ற ஒரே பதில்தான். வீட்டாரும் அப்படிச் சொல்கிறார்கள். சில வேளைகளில் வைத்தியசாலையிலும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள்.

தலையணைக்குக் கீழே இருப்பவை

*நித்திரைக் குளிசைகள்.* பென்சோடயஸெபீன் என்ற மருந்துக் குடும்பத்தில் முதலாவதான குளோர்டயஸெபொக்ஸைட் 1960 இல் விற்பனைக்கு வந்தது. 1963 இல் டயஸெபாம் வந்தது. அதற்கு முன்பிருந்த தூக்க மருந்துகளைவிட ஆபத்துக் குறைந்தவை என்பதால் உலகெங்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. வாரக் கணக்கில் தொடர்ந்து எடுத்தால் உடல் அவற்றுக்குப் பழகிவிடும், பிறகு விடுவது கடினம் என்பது பின்னர்தான் நன்றாக விளங்கியது.

வயோதிபரின் உடம்பில் இந்த மருந்து நடந்துகொள்ளும் விதமே வேறு. வயது ஏற ஏற உடம்பில் தண்ணீர் குறைகிறது, கொழுப்புப் பங்கு கூடுகிறது. டயஸெபாம் கொழுப்பில் தங்கிவிடும் மருந்து. ஈரலும் முன்போல் வேகமாக அதை வெளியேற்றுவதில்லை. 1975 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடம்பில் சேர்ந்த டயஸெபாம் பாதியாகக் குறைய 20 வயதில் ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கிறது. 80 வயதில் ஏறத்தாழ 90 மணித்தியாலம் எடுக்கிறது. அதாவது, நேற்று இரவு எடுத்த குளிசை போய் முடியுமுன் இன்றைய குளிசை வந்து சேர்கிறது. நாளைக்கு இன்னொன்று. அளவைக் கூட்டாமலே உடம்புக்குள் அளவு கூடிக்கொண்டு போகிறது. 1991 இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர், முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அது பலமுறை திருத்தப்பட்டு இன்றும் பாவனையில் இருக்கிறது. இந்த நித்திரைக் குளிசைகள் அதில் முக்கிய இடம் பிடித்திருக்கின்றன.

*விறைப்புக்குக் கொடுக்கும் சின்னக் குளிசை.* மனநோய்க்கான சில மருந்துகளால் கை கால் விறைப்பும் நடுக்கமும் வரும். அதைத் தணிக்க பென்ஸ்ஹெக்ஸோல் என்ற குளிசையைக் கொடுப்பார்கள். அளவோடு எடுத்தால் உதவி. ஆனால் கூடுதலாக எடுத்தால் சிலருக்கு ஒரு விதக் கிளர்ச்சியைத் தருவதால், இதைத் தேடித் தேடி விழுங்கும் நோயாளிகள் உண்டு. "மற்றதெல்லாம் வேணாம், அந்தச் சின்னக் குளிசை மட்டும் தாங்க" என்று ஒருவர் வற்புறுத்தினால் கவனியுங்கள். வாய் உலர்தல், பார்வை மங்கல், மலச்சிக்கல், சிறுநீர் கழிக்க முடியாமை, மறதி, இல்லாதவர்களைக் காணுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். முதியவர்களுக்குக் குறைந்த அளவிலேயே இவை வரலாம்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. குளிசையால் வந்த குழப்பத்தை "வருத்தம் திரும்பிவிட்டது" என்று நினைத்து மனநோய் மருந்தைக் கூட்டுவார்கள். அதனால் விறைப்புக் கூடும். விறைப்புக்காகப் பென்ஸ்ஹெக்ஸோலைக் கூட்டுவார்கள். குழப்பம் இன்னும் கூடும். உண்மையை ஒருவர் சொல்லும்வரை இந்தச் சுழல் நிற்காது.

*நோவுக் குளிசையும் இருமல் பாணியும்.* கொடேயின், டிரமடோல் ஆகியவை அபின் குணமுள்ள மருந்துகள். முழங்கால் நோவுக்கென்று தொடங்கி விட முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். டிரமடோல் வலிப்பையும் கொண்டுவரலாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும். தடிமனுக்கும் கடிக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின் குளிசையை நித்திரைக்காக நாள்தோறும் விழுங்குகிறவர்களும் உண்டு. அதுவும் முதியவர்களின் மூளையைக் குழப்பும்.

*மதுபானம்.* "நம் சமூகத்தில் அது இல்லை" என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஹராம் என்று தெரிந்தும் அந்தப் பழக்கத்தில் விழுந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. வெட்கத்தால் அது வேறு வீடுகளில் இருப்பதைவிட நம் வீடுகளில் ஆழமாக ஒளிந்திருக்கிறது. வைத்தியரிடம் சொல்லப்படாமல் போவதும் கூடுதல். இன்னொன்றையும் கவனியுங்கள்: அரிஷ்டம் என்ற பெயரில் வரும் நாட்டு மருந்துகளில், நொதிக்க வைத்துச் செய்வதால் இயல்பாகவே மதுசாரம் உண்டு. "டொனிக்தானே" என்று அளவில்லாமல் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் வைத்தியர் அறிய வேண்டும்.

*பீடியும் வெற்றிலையும்.* "சுருட்டைப் பற்றிக் கூடவா சொல்ல வேண்டும்?" என்று நினைக்கிறீர்களா? கட்டாயம் சொல்ல வேண்டும். குளோஸபீன் என்ற மனநோய் மருந்தைப் புகைபிடிப்பவரின் ஈரல் வேகமாக அழித்துவிடும். வாட்டில் புகை நின்றதும் அதே அளவு மருந்து இரத்தத்தில் வெகுவாகக் கூடிவிடுகிறது. அளவு கடந்த தூக்கம், கடும் மலச்சிக்கல், வலிப்பு எல்லாம் அதனால் வரலாம். வீட்டுக்கு வந்து மறுபடியும் பீடியைப் பற்றவைத்தால் மருந்து குறைந்து வருத்தம் தலைதூக்கும். நாளொன்றுக்கு எத்தனை பீடி என்ற சின்னக் கணக்கில் இவ்வளவு விஷயம் இருக்கிறது. வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் சில மனநோய் மருந்துகளால் வரும் விறைப்பைக் கூட்டிய சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

சேர்த்த நாளிலிருந்து நாட்களை எண்ணுங்கள்

பழகிய பொருள் திடீரென்று நின்றால் உடம்பு எதிர்த்துக் கிளம்பும். எப்போது கிளம்பும் என்பது பொருளைப் பொறுத்தது.

மதுபானமாக இருந்தால், கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் கடுமையான சித்தக் குழப்பம் ஏற்படும். பூச்சிகள் ஊர்வதைக் காண்பார்கள், இடம் தெரியாது, காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் இருக்கும். இது உயிரையே பறிக்கக்கூடிய நிலை.

நித்திரைக் குளிசை குறுகிய நேரம் வேலை செய்யும் இனமாக இருந்தால் ஓரிரு நாளில் தொல்லை தொடங்கும். டயஸெபாம் போல நீண்ட நேரம் தங்கும் இனமாக இருந்தால் ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் தொடங்கும். அதற்குள் எல்லோரும் குளிசையை மறந்துவிடுவார்கள். நாம் முதலில் பார்த்த உம்மாவுக்கு ஆறாம் ஏழாம் நாளில் நடந்தது இதுதான்.

மதுபானத்தில் ஊறியவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. உணவு குறைந்து விற்றமின் பி1 வற்றிவிடும். குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம் என்று அது வெளிப்படும். கார்ல் வெர்னிக் என்ற ஜேர்மன் வைத்தியர் 1881 இல் இதை விவரித்தார். அந்த விற்றமினை ஊசிமூலம் உரிய நேரத்தில் ஏற்றினால் காப்பாற்றலாம். தவறவிட்டால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நிரந்தர மறதி வந்துவிடும். "அவர் குடிப்பதில்லை" என்று வெட்கத்தில் சொன்ன ஒரு சொல், ஒரு மனிதரின் நினைவாற்றலையே விலையாகக் கேட்டுவிடும்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வீட்டில் இருக்கும் நீங்கள்தான் இவற்றை முதலில் காண்பீர்கள்:

1. ஒரு மாதத்துக்கென்று கொடுத்த குளிசை இரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அல்லது "விழுந்து போச்சு, காணாமல் போச்சு" என்று அடிக்கடி கேட்கிறார்.
2. ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியரிடமோ பாமசியிலோ ஒரே குளிசை வாங்கப்படுகிறது. ஒவ்வொரு பேரப்பிள்ளையையும் தனித்தனியாக அனுப்புகிறார்.
3. குளிசை தலையணை, பெட்டி, இடுப்புச் சுருக்குப்பை என்று பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. எடுத்து வைத்தால் கோபம் வருகிறது.
4. கேட்டால் குளிசைப் பேச்சையே மாற்றிவிடுகிறார். அல்லது குளிசை முடியப் போகிறது என்றால் பதறுகிறார்.
5. காரணம் தெரியாத விழுதல், உடம்பில் கன்றிய தழும்புகள், குளறிய பேச்சு, பகலெல்லாம் உறக்கம்.
6. நோன்பு மாதத்தில் மட்டும் விசித்திரமான மாற்றம். பகலில் குளிசையும் வெற்றிலையும் பீடியும் நின்றுவிடுவதால் நடுக்கமும் எரிச்சலும் அஸருக்குப் பின் கூடுகின்றன.
7. வைத்தியசாலையில் சேர்த்த சில நாட்களில் நிலைமை மோசமாகிறது. அல்லது, எதிர்பாராத விதமாக, தெளிவாகிவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் மயக்கம் தொடங்குகிறது.

இந்த ஏழாவது அடையாளத்தை மறந்துவிடாதீர்கள். வாட்டில் தெளிந்து வீட்டில் மங்குகிறார் என்றால், வீட்டில் அவர் எதை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த அடையாளங்கள் இருந்தால் குளிசைதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டிவிடக் கூடாது. முதுமையின் மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வருவது. மணித்தியாலங்களிலோ ஓரிரு நாளிலோ திடீரென்று வந்து, காலையில் தெளிந்து இரவில் கூடும் குழப்பம் வேறு வகையானது. அதற்கு மருந்து காரணமாக இருக்கலாம். சிறுநீர்க் கிருமித் தொற்று, சீனி குறைதல், இரத்தத்தில் உப்புக் குறைதல், விழுந்து தலையில் பட்ட அடி என்பவையும் காரணமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது அவசர வருத்தம். நாளை பார்ப்போம் என்று வைத்திருக்கக் கூடாது.

எப்படிக் கேட்பது?

"நீங்கள் இதுக்கு அடிமையாகிட்டீங்க" என்று தொடங்கினால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்பதும் கூடாது. இஷாவுக்குப் பிறகு, தனியாக, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு கேளுங்கள்: "உம்மா, ராவைக்கு நித்திரை வாராட்டி என்ன செய்வீங்க? இன்னும் ஒரு குளிசை போடுவீங்களா? போடாம இருந்த நாள் இருக்கா? அண்டைக்கு எப்படி இருந்திச்சு?"

பதிலைக் கேட்டுத் திடுக்கிடாதீர்கள். பெரும்பாலும் அந்தக் குளிசைக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கும். துணையை இழந்த தனிமை, மத்திய கிழக்குக்குப் போன மகளின் நினைவு, விட்டுவந்த ஊர், தீராத முழங்கால் நோவு என்று ஏதோ ஒன்று. குளிசையைப் பற்றிக் கேட்கப் போய் அந்தத் துயரத்தை முதல்முறையாகக் கேட்டவர்களாக நீங்கள் ஆகலாம்.

வைத்தியர்களிடம் இதற்கென்று கேள்விக்கொத்துகள் உண்டு. மதுபானத்தைப் பற்றி ஜோன் யூவிங் என்ற அமெரிக்க மனநோய் வைத்தியர் 1984 இல் பிரசுரித்த நான்கு கேள்விகள் உலகப் பிரசித்தம். குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா, பிறர் குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா, குற்ற உணர்வு வந்ததுண்டா, காலையில் எழுந்ததும் தேவைப்பட்டதுண்டா என்பவையே அவை. வயோதிபருக்கென்றே 1992 இல் மிச்சிகனில் இன்னொரு கேள்விக்கொத்தும் உருவானது. ஆனால் நினைவு தடுமாறும் ஒருவரிடம் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் அரைகுறையாகத்தான் வரும். அப்போது வைத்தியர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்.

பையைக் கொண்டு போங்கள்

வைத்தியசாலைக்குப் போகும்போது ஒரு பையை எடுங்கள். தலையணைக்குக் கீழே, பெட்டிக்குள், ஜன்னல் ஓரத்தில், குளிரூட்டிக்கு மேலே இருக்கும் அத்தனையையும் அதில் போடுங்கள். குளிசை, பாணி, தைலம், கஷாயம், அரிஷ்டம், லேகியம், வெற்றுக் குளிசை அட்டை, பழைய மருந்துத் துண்டு, கிளினிக் கொப்பி எதையும் விடாதீர்கள். தெரிவு செய்து கொண்டுபோக வேண்டாம். தெரிவு செய்வது வைத்தியரின் வேலை.

ஒரு கடதாசியில் இவற்றையும் எழுதுங்கள்: எது, எத்தனை, எவ்வளவு காலமாக, கடைசியாக எடுத்தது எந்த நாள், எந்த நேரம். வெற்றிலை எத்தனை தரம், பீடி எத்தனை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், "டொக்டர், தனியா ஒரு விஷயம் சொல்ல வேணும்" என்று சொல்லுங்கள். அல்லது தாதியிடம் சொல்லுங்கள். அது கோள் அல்ல. நோயாளியைக் காப்பாற்றும் சாட்சியம்.

இரண்டு தவறுகளை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஒன்று, விஷயம் தெரிந்ததும் பயந்து எல்லாக் குளிசையையும் எடுத்து வீசிவிடுவது. ஒன்பது வருடம் பழகிய உடம்புக்கு ஒரே நாளில் நிறுத்துவது வலிப்பையும் சித்தக் குழப்பத்தையும் கொண்டுவரும். வைத்தியரின் சொற்படி வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

மற்றது, வாட்டில் கிடக்கும் உம்மாவைப் பார்த்து மனம் இரங்கி, அவர் கேட்ட குளிசையைச் சோற்றுப் பார்சலுக்குள் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது. தாதி கொடுத்த மருந்தோடு அதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

வயது போனவர் மாறுவாரா?

"இந்த வயதில் இனி எதை விடப் போகிறார், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்வோர் உண்டு. அது இரக்கம் போலத் தெரியும், உண்மையில் கைவிடுதல்தான். சிகிச்சைக்கு வரும் முதியவர்கள் இளையவர்களுக்குக் குறையாமல், சில வேளை அவர்களைவிட நன்றாகவே குணமடைகிறார்கள் என்பது பல இடங்களில் காணப்பட்ட உண்மை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். நீண்ட காலமாக நித்திரைக் குளிசை பாவித்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 303 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு அந்தக் குளிசையின் தீமையையும், படிப்படியாகக் குறைக்கும் விதத்தையும் விளக்கும் ஒரு சிறு கைநூல் கொடுக்கப்பட்டது. ஆறு மாதத்தின் பின் அவர்களில் 27 வீதமானோர் குளிசையை முற்றாக விட்டிருந்தார்கள். கைநூல் கிடைக்காதவர்களில் விட்டவர்கள் 5 வீதம் மட்டுமே. அவர்கள் மனநோய் வாட்டில் இருந்தவர்கள் அல்லர், வீடுகளில் வாழ்ந்த சாதாரண முதியவர்கள்தான். என்றாலும், மரியாதையோடு விளக்கிச் சொன்னால் முதியவர்களும் கேட்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் ஊர்ப் பேச்சுத்தான். "அங்கொடைக்குப் போனவர்" என்ற சொல்லையே இந்த நாட்டில் ஏச்சாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்த வைத்தியசாலை 2008 ஆம் ஆண்டிலிருந்து தேசிய மனநல நிறுவகம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே போகுமுன் பேசிப் பார்க்க 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. எல்லோரும் அங்கொடை வரை போக வேண்டும் என்பதும் இல்லை. மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக்குகள் நடக்கின்றன. உங்களுக்கு அண்மையில் உள்ளது எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

சகோதரிகளே! முதலில் பார்த்த அந்த வீட்டுக்கு மறுபடியும் போவோம். வைத்தியர் அதே கேள்வியைக் கேட்கிறார். மூத்த மகன் "இல்லை" என்று வாய் திறக்கிறார். இந்தத் தடவை பின்னால் நின்ற மருமகள், காப்பை எடுத்தவள் என்று பழிசுமந்த அதே மருமகள், முந்தானைக்குள் இருந்து ஒரு பையை எடுத்து மேசையில் வைக்கிறாள்.

"டொக்டர், இது மாமிட தலையணைக்குக் கீழ இருந்திச்சு. ஒன்பது வருசமா எடுக்கிறாங்க. நேத்து ராவும் ரெண்டு போட்டாங்க."

வைத்தியர் குளிசை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். சிகிச்சை அந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. வலிப்பு வராது. சில மாதங்களில் அந்த உம்மா மறுபடியும் ஸுபஹுக்கு முந்தி எழும்பலாம். தொழுத ரக்அத்துகளைத் தடுமாறாமல் எண்ணலாம். மருமகளைப் பார்த்து, "காப்பு என்ட பெட்டியிலதான் இருந்திச்சு மகள்" என்றும் சொல்லலாம்.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவரின் படுக்கையைத் தட்டிப் போடும்போது, தலையணைக்குக் கீழேயும் ஒரு தடவை பாருங்கள்.